இரண்டு பேர் நின்ற ஆட்டம்

கனாட்டா கடற்கரையில் மீன் காயப்போடும் எங்கள் முற்றத்தில், திங்கட்கிழமைகளில் ஃபிர்மினாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி ஃபரோல் தோற்றிருந்தால் அவள் கத்தி வழக்கத்தைவிட வேகமாகப் போகும். கத்தாளை மீனின் வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து வாளியில் எறியும்போது, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு ஆளின் பெயரைச் சொல்லுவாள்.

"இவன் கிளப் தலைவன். இவன் நடு ரோட்டுல பஸ்ஸ நிறுத்துனவன். இவன் ஜனவரியில சொல்லாமக் கொள்ளாம லுவாண்டாவுக்கு ஓடுனவன்."

அந்த வருடம் ஃபரோல் பதினேழு ஆட்டங்கள் ஆடி பதினைந்தில் தோற்றிருந்தது. அப்படியானால் எத்தனை திங்கட்கிழமைகள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த முற்றத்தில் தராசுக்காரன். பிடித்து வந்த மீனையும் நிறுப்பேன், காய்ந்து போகும் கருவாட்டையும் நிறுப்பேன். என் சொந்தப் பெயர் சில்வெஸ்த்ரு என்பது என் மனைவிக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் நான் தராசண்ணன்தான். ஆட்ட அரங்கிலும் ஃபிர்மினாவுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. மூன்றாவது வரிசை, நம் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால். இருபத்தாறு வருடமாக அவள் அந்த இடத்தை மாற்றவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் மாற்றவில்லை. பிரசவத்துக்கு நாலு நாள் இருக்கும்போதும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கேதான் உட்கார்ந்தாள்.

எங்கள் ஊர் லொபித்துவில் வளர்ந்தவர்களுக்கு ஃபரோல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக் கூலிகள் ஆரம்பித்த கூடைப்பந்துக் கிளப். தலைநகர் லுவாண்டாவின் அணிகள் விமானத்தில் வந்து இறங்கும். நம்மவர்கள் பஸ்ஸில் ஏழு மணி நேரம் போய் அவர்களைத் தோற்கடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். இரண்டு முறை நாட்டுக் கோப்பை இங்கே வந்திருக்கிறது. இரண்டாவது கோப்பையைத் தூக்கி வந்தவன் அதேரித்து. ஃபிர்மினாவின் ஒரே தம்பி. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. நான் சொல்லும் வருடத்தில் முப்பத்தேழு. இன்னமும் அவன்தான் அணித்தலைவன். இடது முட்டியில் இரண்டு தடவை கத்தி வைத்தாகிவிட்டது.

ஊரில் பேச்சு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிழவன், பந்தைவிட மெதுவாக ஓடுகிறான், தலைவர் பதவியை விட மனசில்லை. இரண்டு வருடமாக ஃபிர்மினா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாராவது அவள் முன்னால் சொன்னால், "ஒங்க வீட்டுல ஒருத்தன் கோப்பை தூக்கியிருந்தா பேசு" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்குக் கத்தினாள்.

ஊவாம்பு அணி வந்திருந்தது. மூன்றாவது பகுதியில் நாம் இருபத்தெட்டுப் புள்ளி பின்தங்கி இருந்தோம். அதேரித்து கையில் பந்து. அவனைக் காவல் காத்தவன் இருபது வயதுப் பையன். அதேரித்து வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி இடப்பக்கம் திரும்பினான், முட்டி திரும்பவில்லை. பந்து கையைவிட்டு உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. யாரும் தட்டிப் பறிக்கவில்லை, தானாகப் போயிற்று. அரங்கில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஃபிர்மினா எழுந்து நின்றாள். படகில் இருக்கிறவனைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"உக்காரு அதேரித்து. போதும், உக்காரு."

அரங்கம் முழுக்கக் கேட்டது. அதேரித்து திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தான். ஆட்டம் முடியும்வரை ஆடிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

ஃபிர்மினா வீட்டு முற்றத்தின் பின்பக்கம் ஒரு அறை. அதில்தான் அதேரித்து இருந்தான். அவன் மனைவி பெங்கேலாவில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்துபோவாள். தினமும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அந்த வாரம் அவன் வரவில்லை. ஃபிர்மினா சோளமாவுக் களி கிண்டி, பனையெண்ணெயில் வெண்டைக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, மூன்று தட்டு எடுத்து வைப்பாள். மூன்றாவது தட்டு மூடியபடியே இருக்கும். காலையில் அது கோழிக்குப் போகும்.

அவள் புருசன் செஃபெரீனு படகுக்காரன். கூடைப்பந்து என்றாலே அவனுக்கு இளப்பம். கால்பந்துதான் ஆம்பிளைகள் ஆட்டம் என்பான். செவ்வாய்க்கிழமை எங்கள் முற்றத்துக்கு மீன் இறக்க வந்தபோது என்னிடம் சொன்னான்:

"தராசண்ணே, எங்க வீட்டுல ரெண்டு கழுதைங்க. ஒண்ணு முன்வாசல்ல நிக்குது, ஒண்ணு பின்வாசல்ல நிக்குது. நடுவுல நான் கோழிக்குக் களி போட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

"நீ பேசிப் பாக்கலாமில்ல?"

"பேசினேன். 'நீ கால்பந்துக்காரன், ஒனக்கு இது புரியாது'ன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. அதுல மட்டும் அக்காளும் தம்பியும் ஒத்துமை."

மே மாசம் பிறந்து காசிம்பு என்கிற பனிக்காலம் இறங்கிவிட்டது. விடிந்து பத்து மணி வரைக்கும் கடலும் தெரியாது, கப்பலும் தெரியாது. வெள்ளைப் பனி மூட்டம். மழை கிடையாது, வெயிலும் கிடையாது. அந்தப் பருவத்தில் கருவாட்டுக்காரிகளுக்கு வேலை இரண்டு மடங்கு. உப்புத் தொட்டியிலிருந்து எடுத்த மீனைப் பரணில் விரித்தால் காயாது, ஈரம் குடிக்கும். ஒரு பக்கம் புரட்டி, மறுபக்கம் புரட்டி, பனி இறங்கும் முன் சாயங்காலம் அத்தனையையும் அள்ளித் தார்ப்பாய்க்குள் அடுக்க வேண்டும். ஒரு மீன் நமுத்தால் அடுக்கு முழுக்கப் பூஞ்சை பிடிக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் அப்படி அள்ளிக்கொண்டிருந்தபோது அதேரித்து வந்தான். அவன் ஆறடி ஆறங்குலம். பனிக்குள்ளிருந்து முதலில் தலை தெரிந்தது, பிறகு மற்றதெல்லாம். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"தராசண்ணே, ஒங்க பக்கத்து ஸீட்டு ஆள்கிட்ட சொல்லிருங்க. சனிக்கிழமை நான் ஆடல. ஆசைப்பட்டபடியே உக்காந்துக்கறேன்."

ஃபிர்மினா மீனை அடுக்குவதை நிறுத்தவில்லை. அவளும் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"சொல்லுங்க, காது கேட்டுச்சுன்னு."

"யாராவது ஒருத்தர் ஒருத்தரைப் பாருங்கப்பா" என்றேன். "எனக்குக் கழுத்து வலிக்குது."

அதேரித்து ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். இடது காலை நீட்டித்தான் அவனால் உட்கார முடியும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்க்கா. அன்னிக்கு அக்காவாக் கத்தினியா, இல்ல மத்தவங்க மாதிரி கத்தினியா?"

"டிக்கெட் வாங்குனவளாக் கத்துனேன்" என்றாள். "அக்காவா ரெண்டு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்தாச்சு. இருபத்தாறு வருசம் டிக்கெட் வாங்கியிருக்கேன்டா. ஒரு நாள் கத்தக் கூடாதா?"

"கத்தலாம். வீட்டுல சொல்லியிருக்கலாம்."

"வீட்டுல என்னன்னு சொல்ல? சாப்பிடறப்ப முட்டியத் தடவிக்கிட்டே சாப்பிடற. அதைப் பாத்துக்கிட்டு நான் என்ன சொல்ல? ஒன்னைப் பாத்து ஒரு பய சிரிச்சான். எனக்குத் தாங்கல. நீ உக்காந்திருந்தா சிரிச்சிருக்க மாட்டான்."

அவன் கீழே கிடந்த ஒரு மீனை எடுத்து அடுக்கில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் உக்காரலாம்னுதான் கோச்சைப் பாத்தேன்க்கா, நீ கத்துறதுக்கு முன்னாலயே பாத்தேன். அவரு பெஞ்சைத் திரும்பிப் பாத்தாரு. பெஞ்சுல தண்ணி பாட்டில்தான் இருந்துச்சு."

ஃபிர்மினாவின் கை நின்றது.

"மத்தவனுங்க?"

"ரெண்டு பேரு அந்த வாரம்தான் பெட்டியக் கட்டினானுங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல். நீ பெஞ்சுக்குப் பின்னாலதான உக்காந்திருக்க, நீ பாக்கலையா?"

"நான் ஒன்னைத்தானடா பாத்துக்கிட்டிருந்தேன்."

அவனே எழுந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை அவள் பிடித்தாள். அந்த உயரத்துக்கு அவன் பிடித்தால் தார்ப்பாய் ஒரு பக்கம் வானத்தில் நிற்கும், குனிந்து பிடித்துக்கொண்டான். மீனை மூடிக் கல் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி மூன்றாவது தட்டு காலியாயிற்று என்று செஃபெரீனு மறுநாள் சொன்னான். கோழிகளுக்குத்தான் ஏமாற்றமாம்.

வெள்ளிக்கிழமை காலை பரணில் கத்தாளைகளுக்கு நடுவே ஒரு ஜோடி ஆட்ட ஷூ காய்ந்துகொண்டிருந்தது, பதினைந்தாம் நம்பர் அளவு. ஃபிர்மினா துவைத்து வைத்திருக்கிறாள். அதேரித்து எடுத்துக்கொள்ள வந்தவன் மோந்து பார்த்தான்.

"கருவாட்டு நாத்தம் அடிக்குதுக்கா."

"அடிக்கட்டும். ஒன்னைக் காவல் காக்கறவன் ரெண்டடி தள்ளி நிப்பான்."

சனிக்கிழமை அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். லுவாண்டாவின் நடப்புச் சாம்பியன்கள் வந்திருந்தார்கள். ஜெயிக்கப் போகிறோம் என்று எந்தப் பைத்தியமும் நினைக்கவில்லை. ஆனால் இன்னொரு விசயம் இருந்தது. மார்ச்சில் பஸ் வழியில் நின்றுபோனதால் ஒரு ஆட்டத்துக்கு நம்மவர்கள் போய்ச் சேரவில்லை. ஒரே பருவத்தில் இரண்டாவது தடவை ஆட்டத்தைக் கைவிட்டால் போட்டிப் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். கடைசி இடத்தில் இருக்கிற அணிக்கு அடுத்த வருடம் உண்டு. எடுத்துவிட்ட அணிக்குக் கிடையாது. அன்றைக்கு நம்மிடம் இருந்தது ஆறு பேர். அதேரித்துவைச் சேர்த்து ஆறு.

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. தகரக் கூரையில் கடல்காற்று தடதடத்தது. முந்நூறு பேர் வந்திருப்போம்; பாதிப் பேர் சாம்பியன்களைப் பார்க்க வந்தவர்கள். இரண்டாவது பகுதியில் நம் அணியில் ஆடும் பள்ளிக்கூட வாத்தியார் கணுக்காலைப் புரட்டிக்கொண்டார். ஐந்து பேர். மூன்றாவது பகுதியில் உயரமான புதுப் பையனுக்கு ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஆனால் வெளியே போக வேண்டியதுதான். நாலு பேர். கடைசிப் பகுதி தொடங்கிய சூட்டிலேயே இரட்டையர்களில் ஒருவனான ஓசிக்கு ஐந்தாவது. அவன் போகும்போது தன் இரட்டைச் சகோதரன் ஜம்பாவின் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். மூன்று பேர். ஐந்து நிமிடம் நாற்பது நொடி மிச்சம் இருக்கும்போது, துறைமுகத்தில் பற்றவைப்பு வேலை செய்யும் நம் மூன்றாவது ஆள் எதிராளியோடு தலைமுட்டி, புருவம் கிழிந்து விழுந்தான். ரத்தம் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடுவர் நம் பயிற்சியாளரிடம் வந்து இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரலை மடக்கித் தலையை ஆட்டினார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்றாள் ஃபிர்மினா.

"ரெண்டு பேரு நின்னா ஆட்டம் உண்டு. ஒருத்தர் ஆனா கைவிட்டதாக் கணக்கு."

"ஜம்பாவுக்கு எத்தனை ஃபவுலு?"

"மூணு."

"இவனுக்கு?"

"நாலு."

அவள் என் முழங்கையைப் பிடித்தாள். கத்தி பிடிக்கிற கை. அந்த விரல் தடம் நாலு நாள் இருந்தது.

ஐந்து பேருக்கு எதிராக இரண்டு பேர். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் அதற்குமுன் பார்த்ததில்லை. ஜம்பா கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடுவான். அதேரித்து வாங்குவான். ஐந்து பேர் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். பந்து போகும். அவர்கள் போடுவார்கள். மறுபடி ஜம்பா கோட்டுக்கு வெளியே. முதல் நிமிடத்தில் மட்டும் பத்துப் புள்ளி.

சாம்பியன்கள் இரக்கம் காட்டவில்லை. அது நல்லது என்றுதான் எனக்கு அப்போதும் தோன்றியது. அவர்களுடைய தலைவன் கெட்டிக்காரன். அதேரித்துவுக்கு நாலு ஃபவுல் என்று அவனுக்குத் தெரியும். பந்தை எடுத்துக்கொண்டு நேராக அவன் நெஞ்சுக்கே வந்தான். கொஞ்சம் கை பட்டால் போதும், ஃபரோல் என்ற பெயர் போய்விடும். அதேரித்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பதினாறு வருடம் கூடைக்குக் கீழே யாரையும் சும்மா போகவிடாதவன், கையைக் கட்டிக்கொண்டு காலால் மட்டும் வழி மறித்தான். இடது கால் ஒவ்வொரு அடிக்கும் நொண்டியது. எதிராளி பக்கத்தில் உரசிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டான். கை பின்னாலேயே இருந்தது.

எங்களுக்கு மேல் வரிசையில் ஒருவன் சிரித்தான். "பாருங்கடா, கைதி மாதிரி நிக்கறான்."

ஃபிர்மினா திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"தம்பி, ஒனக்குப் போகணும்னா கதவு அந்தப் பக்கம். இருக்கணும்னா எந்திரிச்சு நில்லு."

அவன் என்ன நினைத்தானோ, எழுந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நின்றார்கள். நான் நின்றேன். அப்புறம் திரும்பிப் பார்த்தபோது எங்கள் பக்கம் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. கத்தலும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஷூ தரையில் கீச்சிடுவதும் பந்தின் சத்தமும்தான்.

இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது பயிற்சியாளர் கின்த்தாஸ் தன் கடைசி இடைவேளையைக் கேட்டார். ஆட்டம் முழுக்க அதைப் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு பேரும் பெஞ்சுக்கு வந்தார்கள். ஓசி எழுந்து இடம் கொடுத்தான். அதேரித்து உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதென்று அவனுக்குத் தெரியும். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமாகச் சாய்ந்தான். ஃபிர்மினா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"முட்டி எப்படிடா?"

"இருக்குது."

"கையை வச்சிராத."

"தெரியும்க்கா."

"தெரியும்னு எனக்கும் தெரியும். வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

அவன் சிரித்தான். அந்தப் பருவத்தில் அரங்கத்துக்குள் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

ஒரு நிமிடம் பத்து நொடி இருக்கையில் ஜம்பா பந்தோடு முண்டியடித்துப் போய்க் கீழே தள்ளப்பட்டான். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. கோப்பை வாங்கிய வருடத்தில்கூட அந்தக் கூரை அப்படி அதிரவில்லை. நாற்பது புள்ளிக்கு மேல் பின்தங்கியிருக்கிற அணி ஒரு புள்ளி எடுத்ததற்கு முந்நூறு பேர் போட்ட சத்தம். சாம்பியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது தவறியது. பந்து மேலே எழும்பி நேராக அதேரித்துவின் தலைக்கு வந்தது. அவன் கை தானாக மேலே போயிற்று. அதே நேரம் எதிராளி ஒருவன் அவன் மார்பு மேலே தாவினான். போன கை பாதியில் நின்றது. அவன் பின்னால் இழுத்துக்கொண்டான். பந்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஐயோ அம்மா" என்றாள் ஃபிர்மினா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "எங்கம்மா இதைப் பாத்திருக்கணும். கைக்கு வந்த ஒண்ணை அவன் விட்டதே கெடையாது."

கடைசி பத்து நொடியிலும் அவர்கள் ஒன்று போட்டார்கள். சங்கு ஊதியது. தொண்ணூற்றேழுக்கு ஐம்பத்தொன்று.

யாரும் வெளியே போகவில்லை. தோற்ற ஆட்டம் முடிந்தால் கதவுக்கு முதலில் ஓடுகிற கூட்டம்தான் நாங்கள். அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று கை தட்டினோம். அதேரித்துவும் ஜம்பாவும் நடுக்கோட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். சாம்பியன்களின் தலைவன் அவர்களிடம் வந்தான்.

"அண்ணே, அஞ்சாவது வாங்குவீங்கன்னு எங்க ஆளுங்ககிட்ட பந்தயம் கட்டினேன்."

"என்ன பந்தயம்?"

"ஒரு பீரு."

"குடுத்துரு" என்றான் அதேரித்து.

ஃபிர்மினா கோட்டுக்குள் இறங்கவில்லை. டிக்கெட் வாங்கினவர்கள் இறங்கக் கூடாது என்று ஒரு கணக்கு அவளுக்கு. மூன்றாவது வரிசையில் நின்றபடியே அழுதாள். செஃபெரீனு வாசலில் அவளுக்காகக் காத்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கிறான்.

"ரெண்டு பேராமே" என்றான் என்னிடம். "கால்பந்துல ஏழு பேருக்குக் கீழ போனா ஆட்டமே கெடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், இது வேற ஆட்டம்" என்றான்.

திங்கட்கிழமை காலை லுவாண்டாவிலிருந்து கருவாட்டு வியாபாரி தோனா ஜெனெரோசா லாரியோடு வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. வாய்க்கொழுப்புப் பிடித்தவள், எங்கள் ஊர் தோற்றதை எங்கள் வாயாலேயே கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோசம். நான் தராசில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஃபிர்மினாவிடம் போனாள்.

"என்னம்மா, சனிக்கிழமை எங்க பிள்ளைங்க வந்திருந்தாங்களாமே. ஒங்க ஃபரோல் என்ன ஆச்சு?"

நாங்கள் எல்லோரும் ஃபிர்மினாவின் கத்தியைப் பார்த்தோம். அது மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தோத்துட்டோம்" என்றாள்.

"எத்தனை புள்ளி?"

"நாப்பத்தாறு."

ஜெனெரோசா துக்கம் கேட்க வந்த வீட்டில் பாயசம் கொடுத்ததுபோல் நின்றாள்.

"நாப்பத்தாறுன்னு இப்படிச் சொல்ற. கோப்பை வாங்குனவ மாதிரி."

ஃபிர்மினா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உப்புக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முற்றத்தின் மூலைக்குக் கை நீட்டினாள். மீன் ஐஸ் கொட்டி வைத்திருந்த பெரிய மரப்பெட்டியில் ஒரு நீளமான கால், முட்டி வரைக்கும் புதைந்து கிடந்தது. காலுக்குச் சொந்தக்காரன் கோணிமேல் மல்லாந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒங்க ஆளுங்க அஞ்சு பேரு வந்தாங்க, தோனா ஜெனெரோசா. அஞ்சு நிமிசம் நாப்பது நொடி, அவனும் இன்னொருத்தனும் நின்னாங்க. சத்தம் போடாம லாரியில ஏத்தச் சொல்லுங்க. எந்தம்பி தூங்கறான்."